கதவில்லா அம்பலமும் பூட்டிய மண்டபமும்: கண்டிச் சீமையின் பொது மண்டபங்கள்

றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராஜசிங்கனுடைய ஆட்களிடம் அகப்பட்டு, ஏறத்தாழ இருபது வருஷ காலம் கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே தொப்பி பின்னியும் நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும் ஜீவனம் நடத்தி, 1679இல் தப்பியோடி, 1681இல் லண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். அரசனுடைய குரூரங்களையும் குடிகளுடைய ஆசாரங்களையும் விஸ்தாரமாக வர்ணிக்கும் அந்நூலிலே போகிற போக்கில் சொல்லப்பட்ட சிறு செய்தி ஒன்று உண்டு. வேலை ஓய்ந்த வேளைகளில் ஊரவர்கள், வழிப்போக்கர் தங்குவதற்கெனக் கட்டப்பட்ட அம்பலத்திலே கூடி, வெற்றிலை மென்றபடி ஒருவரை ஒருவர் கம்பீரமாகப் பார்த்துக்கொண்டு, அரண்மனை நடப்புகளையும் பெரிய மனிதர்களின் போக்கையும் பற்றிச் சம்பாஷித்திருப்பார்களாம். கண்டி நாட்டுச் சரித்திரம் எழுதப் புகுந்தோர் தந்ததாதுவின் வைபவத்தையும் நாயக்க வம்சத்தின் உதயாஸ்தமனத்தையும் எழுதிய அளவுக்கு இந்த வெற்றிலைக் கூட்டத்தை எழுதவில்லை. குடிகள் தங்கள் மன்னனைப் பற்றி மனம் விட்டுப் பேசுவதற்கு ஓரிடம் இருந்தது என்பதும், அந்த இடம் அந்நியனுக்கென்று கட்டப்பட்டது என்பதும் என் வரையில் அற்ப விஷயங்கள் அல்ல.

அம்பலத்தின் அமைப்பைச் சிறிது நின்று பார்க்கவேண்டும். குருநாகல் பகுதியிலுள்ள பனாவிட்டிய அம்பலமும் கரகஹகெதர அம்பலமும் இவ்வகைக் கட்டடங்களுள் கீர்த்தி பெற்றவை. கண்டிக்கு அணித்தாகக் கொழும்பு வீதியில் கடுகண்ணாவையிலே ஒன்று இன்றும் நிற்கிறது. பனாவிட்டியவில் நான்கு மூலைகளிலும் கற்பாறைகளை இட்டு, அவற்றின்மேல் பருத்த மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடத்தி, அம்மரங்களின் மீது செதுக்குவேலைத் தூண்களை நிறுத்தி, மேலே ஓட்டுக்கூரையைக் கவித்திருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்டிய அடையாளமே இல்லை. கிடத்திய மரங்களே சுற்றிலும் ஆசனமாகின்றன. நடுவிலே சும்மாடும் சுமையும் இறக்கி வைக்க இடம் உண்டு. வெளியே வழிப்போக்கர் தாகம் தீர்க்கத் தண்ணீர்ப்பானை வைப்பது புண்ணியமென்று கருதப்பட்டது. இத்தனையும் இருந்தும் கதவு என்ற ஒன்று கிடையாது. கதவில்லாத இடத்துக்குப் பூட்டும் இல்லை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களைக் காக்க வைக்கும் உத்தியோகஸ்தனும் இல்லை.

இக்கட்டடங்களை எழுப்பிய தச்சர்களின் சாமர்த்தியம் இன்னதென்று அறிய விரும்புவோர் கண்டியிலிருந்து தென்மேற்கே எம்பக்க தேவாலயத்துக்குப் போகலாம். கம்பளையை இராஜதானியாகக் கொண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்திலே, பதினான்காம் நூற்றாண்டில், கதிர்காமக் கடவுளுக்கென்று எழுந்த கோயில் அது. அதன் மேளமண்டபத்து மரத்தூண்களில் அன்னமும் மல்லரும் தாயும் சேயும் செதுக்கப்பட்டிருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். கூரையின் ஒரு கோடியிலே 26 கைமரங்கள் ஒரே புள்ளியை நோக்கி இறங்கிவந்து ஒற்றை மர ஆப்பிலே கோத்து நிற்பதை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய மகத்தான நூல், இவ்வேலைப்பாட்டின் பெருமையை உலகறியச் செய்தது. இத்தூண்கள் கம்பளையிலிருந்த அரசனுடைய சபாமண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது ஐதிகம். தேவாலயத்துக்குச் சற்றுத் தொலைவிலே வெட்டவெளியில், கூரையிழந்த ஓர் அம்பலத்தின் கற்றூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

வழிப்போக்கர் சத்திரமாக இருந்த அம்பலமே ஊரின் நியாயஸ்தலமாகவும் இருந்தது. கண்டியைப் பிரித்தானியர் கைப்பற்றுவதற்குச் சூத்திரதாரியாக விளங்கிய ஜோன் டொயிலி, கண்டிய இராச்சியத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய குறிப்புகளில், கிராமத்தின் அனுபவஸ்தர்கள் அம்பலத்திலோ நிழல்மரத்தடியிலோ கூடி, எல்லைத் தகராறு, கடன், சில்லறைத் திருட்டு, வாய்ச்சண்டை முதலானவற்றை விசாரித்து இயன்றவரை சமாதானமாகத் தீர்த்துவைப்பர் என்று சொல்லுகிறார். கம்சபா என்பது இதுவே. தமிழ் வாசகருக்கு உடனே உத்தரமேரூர் ஞாபகத்துக்கு வரும். முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறையின் விதிகளைச் சபாமண்டபத்தின் சுவரிலேயே வெட்டிவைத்தனர். கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் சபைக்கு வரலாகாது என்ற விதி அவற்றுள் ஒன்று. கண்டி அம்பலங்களுக்குச் சுவரே இல்லாதபடியால் சாசனமும் இல்லை. பிராமணர்களுடைய சபையாகிய உத்தரமேரூரையும், சாதிக் கட்டுப்பாடும் பிரபுக்களின் அதிகாரமும் நிறைந்திருந்த கண்டிக் கிராமத்தையும் இந்தக் காலத்து ஜனநாயகமாக எண்ணிப் பூரிப்பதும் தகாது. ஆயினும் பொது விஷயத்தைப் பொது இடத்திலே, பலர் காணப் பேசவேண்டும் என்ற கொள்கை இரண்டிடத்திலும் இருந்தது.

குடிகளின் மண்டபம் இவ்வாறிருக்க, அரசனுடைய மண்டபத்தின் கதை வேறு. கண்டி அரண்மனை வளவிலுள்ள மகுல் மடுவ 1783இல் இராஜாதி இராஜசிங்கனால் தொடங்கப்பட்டு, கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனால் பூர்த்தி செய்யப்பட்டது. அவனுடைய இராச்சியத்தை அந்நியருக்கு ஒப்புவிக்கும் உடன்படிக்கை 1815 மார்ச் 2ஆம் திகதி அதே மண்டபத்தில் வாசிக்கப்பட்டது. பின்னர் அங்கே நீதிமன்றம் கூடியது. பக்கத்திலே புனித பவுல் ஆலயம் எழும்புமுன் ஆங்கிலேயர் தங்கள் ஆராதனையையும் அங்கேயே நடத்தினர். சுதந்திரம் வந்தபோது அதன் ஞாபகார்த்தமாகக் கொழும்பிலே கட்டிய மண்டபத்துக்கு இதனையே மாதிரியாகக் கொண்டார்கள். சுதந்திரம் பறிபோன மண்டபத்தின் சாயலிலே சுதந்திர மண்டபம் எழுந்ததை விநோதம் என்று சிலர் நகைப்பதுண்டு. அது பொருத்தமே என்பது என் அபிப்பிராயம்.

அம்பலத்துக்குக் கேடு வந்தது சட்டத்தினாலும் சாலையினாலும். 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மனிதனை அவனுடைய விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்கிய முறை ஒழிந்தது நன்மையே. ஆனால் குளத்துக் கரையையும் வாய்க்காலையும் ஊர்க் கூரையையும் ஊரார் கூடிப் புதுக்கும் கடமையும் அதனோடு தளர்ந்தது. ஊருக்காகச் செய்த வேலையை விட்டவர்களிடம் அரசாங்கம் 1848இல் வேறு வேலையைக் கேட்டது: வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் வருஷத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும். அவ்வருஷம் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று. தேசாதிபதி வார்ட் 1856இல் வயல் நீர்ப்பாசனத்துக்காகப் பழைய கிராம வழக்கங்களுக்கு உயிர் கொடுக்க முயன்றார். 1871இல் தேசாதிபதி ரொபின்சன் காலத்துக் கிராமச் சபைச் சட்டம் கம்சபாவைப் புனருத்தாரணம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. பெயர் பழையது, ஸ்தாபனம் புதியது. கூட்டத்தைக் கூட்டுபவர் அரசாங்க அலுவலகமாகிய கச்சேரியின் சம்மதம் பெற்றவர், தீர்ப்பு காகிதத்தில் எழுதப்பட்டது, விசாரணைக்குத் தனிக் கட்டடம் வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1867இல் கொழும்புப் புகையிரதம் கண்டியை எட்டிவிடவே, பல நாள் நடந்துவந்து அம்பலத்தில் இராத்தங்கும் பிரயாணி அருகிப் போனான். நெடுஞ்சாலைகளில் துரைமாருக்கும் உத்தியோகஸ்தருக்கும் வாடி வீடுகள் எழுந்தன. அங்கே தங்கக் காசு வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டிலே கண்டிக் கிராமத்தின் கூடுமிடம் பல இடங்களாகச் சிதறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்களக் கிராமத்தில் விகாரையின் தர்மசாலையும் பாடசாலையும், முஸ்லிம் கிராமத்தில் பள்ளிவாசல் முற்றமும் அந்தப் பணியை ஏற்றன. 1948இல் கிராம அபிவிருத்தித் திணைக்களம் தோன்றியபின் ஊர்தோறும் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அமைந்து, சிரமதானமாகவும் அரசாங்க உதவியோடும் பிரஜாசாலைகள் எழுந்தன: சீமெந்துத் தரை, தகரக் கூரை, முகப்பிலே திறந்துவைத்த மந்திரியின் பெயர் பொறித்த கல். அந்தக் கற்களைப் படித்தே ஒரு தொகுதியின் தேர்தல் சரித்திரத்தை எழுதிவிடலாம். உண்மையில் கண்டி மாவட்டத்துக் கிராமங்களில் இன்றளவும் நேர்மையாக இயங்கும் பொது ஸ்தாபனம் எது என்று என்னைக் கேட்டால், மரணாதாரச் சங்கம் என்பேன். அதற்கு மண்டபமே வேண்டியதில்லை; கதிரைகளும் படங்கும் பெரிய பானைகளும் ஒரு கொட்டிலில் இருக்கும், இழவு வீடு எதுவோ அதுவே அன்றைக்கு ஊர் மண்டபம். சாவு எல்லார் வீட்டுக்கும் வருமாதலால் அதன் கணக்கை ஒருவரும் மறைப்பதில்லை.

இவ்வளவும் கிராமத்தின் கதை. கண்டிச் சீமையென்று தமிழ்நாட்டுக் குடியானவன் அறிந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்துவந்து சேர்ந்த இடம் கிராமம் அன்று, தோட்டம். 1824இல் கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மலை முழுவதும் அளந்து பங்கிடப்பட்டபோது தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் வரிசை வீடுகளாகிய லயத்துக்கும் இடம் ஒதுக்கினார்களே தவிர, தொழிலாளர் தம் இஷ்டப்படி கூடிப் பேசுவதற்கு ஓரடி நிலமும் ஒதுக்கினாரில்லை. துரைமார்களுக்கோ, 1854இல் கண்டியில் ஸ்தாபித்த தோட்டத்துரைமார் சங்கமும், பின்னாளில் அதற்கென்று நகரின் நடுவே விக்டோரியா மகாராணியின் பெயரால் எழும்பிய கட்டடமும், மாவட்டந்தோறும் கிளப்புகளும் இருந்தன. கூடிப் பேசுவதன் மகிமையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்ததனாலேயே மற்றவர்களுக்கு அதை அனுமதிக்கவில்லை என்று சொன்னால் அபவாதம் ஆகாது.

ஆயினும் மனிதர் கூடாமல் இருப்பதில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம் ஒன்று உண்டு. அங்கே கூடுவது ஆணைப்படி, பேசுவது கங்காணியும் கணக்கப்பிள்ளையும். தொழிலாளருக்கு உரியதாக இருந்தது காமன் பொட்டல். மாசி மாதத்திலே அந்த வெளியில் கம்பம் நட்டு, தப்பு முழங்க, மன்மதனும் ரதியும் வேஷங்கட்டி வர, சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிக்கும் இரவு வரையிலும் லயத்து ஜனங்கள் கூடியிருப்பார்கள். கூத்து நடக்கும் அந்த நாள்களில் வேஷக்காரனுக்குச் சட்டை தைக்கும் செலவிலிருந்து லயத்துச் சண்டை வரையில் எல்லா விவகாரமும் அங்கே பேசித் தீர்க்கப்படும். அடுத்து மாரியம்மன் கோயில். தகரம் வேய்ந்த அதன் முன்மண்டபத்திலே கோயில் கமிட்டி கூடும். திருவிழாச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிப்பதா, கையில் வாங்குவதா என்று தர்க்கம் நடக்கும். கல்யாணமும் பஞ்சாயத்தும் அங்கேயே நிகழும். கோயிலுக்குத் துரை தகரமும் பலகையும் தருவார். கோயிலைத் தடுத்தால் ஆள் நிற்கமாட்டான் என்பது அவர் அறிந்த பொருளாதாரம்.

மூன்றாவதாகப் பிள்ளைமடுவத்தைச் சொல்லவேண்டும். ஆய்வாளர் எவரும் இதனைப் பொது மண்டபம் என்று கணக்கெடுத்ததாக நான் அறியேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் நீண்ட அறை அது. பகலெல்லாம் வளையில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். சுவரிலே குழந்தைகளின் நிறை எழுதிய அட்டை, மூலையிலே பால்மா டின்கள். மாலையானதும் தாய்மார் பிள்ளைகளை எடுத்துச் செல்ல, தொட்டில் சேலைகளைச் சுருட்டி வளையிலே முடிந்துவிட்டு, தரையில் பாய் விரித்தால் அதுவே கூட்ட மண்டபம். சுகாதார விரிவுரையும், இளைஞர் மன்றத்தின் நாடக ஒத்திகையும், மழைக்காலத்து மரணவீட்டின் விருந்தினர் தங்கலும் அங்கே நடந்தன. மண் சரிந்து லயம் புதையும் அபாயம் வந்த இரவுகளில் குடும்பங்கள் குடிபெயர்ந்ததும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அடுத்தபடி அங்கேதான். ஆனால் சாவி தோட்டத்து ஆபீசில் இருக்கும். சாவி கேட்கப் போனவன் எதற்காகக் கூட்டம், யார் பேசுவார் என்று பதில் சொல்லித்தான் வாங்கி வரவேண்டும்.

இந்தச் சாவியின் அதிகாரம் எத்துணை பெரிது என்பதைத் தொழிற்சங்கச் சரித்திரம் காட்டுகிறது. தோட்டத்துக்குள் வெளியார் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. கோ. நடேசய்யர் துணி விற்பவராக வேஷம் பூண்டு தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பர். பின்னர் அவர் சங்கம் அமைத்தபோது அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தது வீதியோரங்களிலும் பட்டணத்துக் கடைத்தெருக்களிலும். மடுல்கலையிலே ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்து தொழிலாளர் பக்கம் சாய்ந்த பிரேஸ்கேர்டிலும், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயவும் 1937 ஏப்பிரலிலே தொழிலாளரை நோக்கிப் பேசியது நாவலப்பிட்டிப் பட்டணத்தில். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். அதற்கு முந்திய ஆண்டு நேருவின் வருகையை ஒட்டித் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ் தன் முதல் மகாநாட்டை 1940இல் கம்பளையிலே கூட்டியது. கூட்டமெல்லாம் பட்டணத்திலேயே நிகழ்ந்தது தற்செயல் அன்று. தோட்டத்துக்குள் இடமில்லாதவர்கள் வேறெங்கே கூடுவார்கள்?

சட்டமும் இதே வேலியைப் போட்டது. கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையை விஸ்தரிக்க 1937இல் ஒரு மசோதா வந்தபோது, தோட்டத்து இந்தியத் தொழிலாளர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். இது இனபேதம் என்று இந்திய அரசாங்கம் ஆட்சேபிக்கவே, எந்த இனத்தவராயினும் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வாக்கில்லை என்று வாசகம் திருத்தப்பட்டது. சொல் மாறிற்று; விலக்கப்பட்டவர் மாறவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தேசத்திலிருந்தே அவர்களை விலக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இந்தியாவுக்குப் புறப்பட்டோரைக் கண்டிப் புகையிரத நிலையத்திலே உறவினர் கட்டிப்பிடித்து அழுத நாள்களில் கோயில் கமிட்டிகள் பல தலைவரையும் தர்மகர்த்தாவையும் ஒருங்கே இழந்தன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போய், 53 வருஷக் குத்தகையும் தொடர்ந்தது. இதற்கிடையே, 1972இல் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் கண்டியிலே ஸ்தாபித்த சத்தியோதயம், சிங்களரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பணியாற்ற இடங்கொடுத்து, கிராமத்தவரையும் தோட்டத்தவரையும் ஒரே பாயில் அமரவைத்தது. அரசாங்கம் செய்யாததை ஒரு யேசுசபைப் பாதிரியார் செய்தார்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு பழைய வேலியைப் புதிய முள்ளால் கட்டியது. பிரதேச சபைக்கு வாக்களிக்கும் உரிமையைத் தோட்டமக்கள் பெற்றிருந்த காலத்திலும், தாம் தெரிவுசெய்த சபை தம் லயத்துக்கு ஒரு பாதையோ மண்டபமோ அமைக்கக் கேட்டால், தோட்டம் சபையின் நிதிக்கு அப்பாற்பட்டது என்ற பதிலே கிடைத்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் கிராமத்துக்குப் பிரஜாசாலை; அந்தப் பக்கம் அதே உறுப்பினருக்கு வாக்களித்தவருக்கு வெறும் தேயிலை. முப்பது வருஷங்களுக்கும் மேலாக இந்நிலை நீடித்து, 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்துச் சபை இப்போது தோட்டத்துக்குச் செலவிடலாம். அதன் பயனாகத் தோட்டங்களிலும் கலாசார மண்டபங்களும் முன்பள்ளிக் கட்டடங்களும் எழும்புகின்றன, வரவேற்கத்தக்கதே. ஆனால் கட்டடம் நிற்கும் நிலம் யாருடையது என்று விசாரித்தால், அரசுக்குச் சொந்தம், கம்பெனிக்குக் குத்தகை. அந்நிலத்துக்குத் தோட்டத்தில் வாழ்வோரின் பெயரில் ஒரு துண்டு உறுதிப்பத்திரமும் இல்லாத வரையில், சாவி மறுபடியும் ஆபீசுக்கே போகும்.

ஆகவே கண்டி மாவட்டத்துப் பிரதேச சபைகளிலே தோட்டத்து வாக்கினால் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களிடம் ஒரு விண்ணப்பம். அடிக்கல்லிலே பெயர் வெட்டுவதற்கு முன், மண்டபம் எழும்பும் நிலத்தை அங்கே குடியிருப்போரின் சங்கத்தின் பெயரிலே பதிவுசெய்து தரும்படி அரசாங்கத்திடம் எழுத்திலே கேளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அச்சங்கத்தின் நிர்வாகத்தில் பாதி இடம் கொடுங்கள்; வருஷக் கணக்கை மண்டபச் சுவரிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். திறப்புவிழாவுக்கு மந்திரி வராவிட்டாலும் பரவாயில்லை. பதிவுப் பத்திரத்தின் பிரதி ஒன்று கோயில் கமிட்டியின் பெட்டியிலே இருக்கவேண்டும்.